பெரட்டு வரிசை

கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்காது என்று ஒன்பதாங்கட்டைத் தோட்டம் முழுக்க அடித்துச் சொன்னவள் சந்திரிகாதான். சொன்னபோது அதை அவள் முழுசாக நம்பவும் செய்தாள்.

விஷயம் இதுதான். ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயங்களை இடிப்பதற்காகக் கம்பெனி புது வீடுகள் கட்டியிருந்தது. குழாய்த் தண்ணீர், மின்சாரம், வீட்டுக்குள்ளேயே குளியலறை. யாருக்கு எந்த வீடு என்பதில்தான் வம்பு. சாலையோரத்து வீடுகளுக்கு எல்லாரும் நாக்கைத் தொங்கப் போட்டார்கள். கடைசி வரிசைக்கு ஒருவரும் தயாரில்லை. அதை ஒட்டித்தான் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வாயில் வைத்த சோறு இறங்காது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒரு முறை வீடுகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவருடைய சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை.

அதனால் கோலா சிலாங்கூர் ஆபீஸ் மேனேஜர் ரஹ்மத், வேலையைச் சந்திரிகாவின் தலையில் கட்டினார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசியின் மகள், யுனிவர்சிட்டியில் கம்ப்யூட்டர் படித்தவள், போன வருஷம்தான் ஆபீசில் சேர்ந்தவள். எண்பத்தெட்டாம் வருஷத்தில் அந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"மிஷின் சொன்னா எவனும் எதுத்துப் பேச மாட்டான்லா," என்றார் ரஹ்மத்.

படிக்கும்போது பழகிய மென்பொருள் ஒன்று அவளிடம் டிஸ்க்கில் இருந்தது. அதற்கு வழி சொல்லித் தர வேண்டாம், நிபந்தனைகளைச் சொன்னால் போதும். மாடு வைத்திருப்பவர்களுக்கு ஓரத்து வீடு. நடக்க முடியாதவர்கள் இருக்கும் குடும்பம் மருந்தகத்துக்குப் பக்கத்தில். தேர் வடம் பிடிப்பதில் சண்டை போட்டு இன்னும் முகம் பார்க்காத இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் பொதுச் சுவர் கூடாது. நிறைவேறாமல் போகும் ஆசை ஒவ்வொன்றும் ஒரு குறை. குளத்துப் பக்கம் போகும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. மொத்தத்தில் குறை மிகக் குறைவாக இருக்க வேண்டும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். முதல் பேரை எடுத்துச் சாலையோரத்து முதல் வீட்டில் வைத்துப் பார்க்கும், அடுத்த பேரை எடுக்கும், எங்காவது முட்டினால் பின்வாங்கி வேறு வழியில் நுழையும்.

காலையில் ஓடவிட்டாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் திரையில் பதில் நின்றது. குறை ஒன்பது, ஆப்டிமல். அதாவது, எல்லா வழியையும் தேடியாயிற்று, ஒன்பதுக்குக் கீழே இறங்க முடியாது. சந்திரிகாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆகச் சிறந்த ஒதுக்கீடு இது ஒன்றுதான் என்று அறிக்கை எழுதி, தமிழிலும் எழுதி, தோட்டத்து ஆபீஸ் சுவரில் தானே ஒட்டினாள். ஊர் முணுமுணுத்தது, ஆனால் கிராணியின் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சன்னாசிக்குச் சாலையோர மூலை வீடு விழுந்திருந்தது. அம்மா தங்கமணி வடைச் சட்டியை எந்த இடத்தில் வைத்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கண்ணில் படும் என்பது வரைக்கும் யோசித்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக் குழாயடியில் காளியம்மா சந்திரிகாவைப் பிடித்துக்கொண்டாள். புல் வெட்டும் கூட்டத்தில் வேலை செய்பவள், கடைசி லயத்துக்காரி. புது வீட்டிலும் அவளுக்குக் கடைசி வரிசைதான், குளத்துக்கு நேர் எதிரே.

"ஏம் பாப்பா, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து நாங்க கடைசி லயம். பெரட்டுல கடைசிப் பேரு. கோயில்ல கடைசிப் பந்தி. இது நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், சரி. அந்த மிஷினுக்கு யாரு சொன்னா?"

"மிஷினுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

"அப்ப எப்படிக் கரெக்டா கண்டுபுடிச்சிச்சு?" காளியம்மா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வாளி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மிஷினுக்குச் சொன்னது யார் என்று சந்திரிகாவுக்குத் தெரிந்துபோயிற்று. குடும்பப் பேர்களை அவள் எதையும் பார்த்து அடிக்கவில்லை, மனப்பாடமாக அடித்தாள். விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அப்பா தினமும் கூப்பிடும் வரிசை அது. மண்டோர் வீட்டில் தொடங்கி, முதல் லயம், அடுத்த லயம் என்று இறங்கி, காளியம்மா வீட்டில் முடியும். பாயில் படுத்தபடி பிறந்ததிலிருந்து கேட்ட வரிசை. வேறு எந்த வரிசையும் அவள் கைக்கு வராது.

திங்கட்கிழமை முதல் வேலையாக, பேர்களைத் தலைகீழாக அடித்து ஓடவிட்டாள். பதில் வந்தது. குறை அதே ஒன்பது, அதே ஆப்டிமல். ஆனால் மூலை வீட்டில் காளியம்மா இருந்தாள்; குளத்துக்கு எதிரே சன்னாசி இருந்தார்.

சமமான பதில்கள் எத்தனையோ இருந்திருக்கின்றன. முதலில் கிடைத்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டு, அதைவிட நல்லதை மட்டும் தேடு என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். அதற்குச் சமமானதை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் அச்சடிக்கச் சொல்லிவிட்டு ரஹ்மத்திடம் போனாள்.

"மொத ரிசல்ட் தப்பா?" என்றார் அவர்.

"தப்பில்ல சார். ஆப்டிமல்தான். ஆனா அது ஒன்னுதான்னு நான் எழுதுனது தப்பு."

"வேற எத்தன இருக்கு?"

"பிரிண்டர்ல பேப்பர் தீந்து போச்சு சார்."

ரஹ்மத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இங்க பாரு, யாரும் சண்டை போடல. ஒங்கப்பாவுக்கு நல்ல வீடு. நீ வாயத் தொறக்காட்டி எவனுக்கும் தெரியாதுலா."

"எனக்குத் தெரியும் சார்."

வீட்டில் சன்னாசி அவ்வளவு பதமாகப் பேசவில்லை. "மூல வீடு மண்டோர் வீடுன்னு ஊரே ஒத்துக்கிச்சு. ஒனக்கு மட்டும் என்னடி குத்துது?"

"ஊரு ஒத்துக்கிட்டது மிஷின் சொல்லிச்சுன்னுப்பா. மிஷின் சொல்லல. நான்தான் ஒங்க பேர மொதல்ல போட்டேன்."

"போடாம? பெரட்டுல அப்படித்தான போடணும்!"

"அதத்தாம்பா நானும் சொல்றேன்."

தங்கமணி அடுப்பிலிருந்த சட்டியை நங்கென்று இறக்கி வைத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் சந்திரிகாவோடு யாரும் பேசவில்லை. அவளுக்கு அழுகை வந்தது; அழவும் செய்தாள்; ஆனாலும் சுவரில் ஒட்டியதைக் கிழித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிப் புதிதாக ஒட்டினாள்.

ஊரும் ஆபீசும் பேசி முடிவானது இது. கூட்டுச் சீட்டுக்குக் குலுக்குவதுபோல எல்லாப் பேரையும் மைலோ டின்னில் போட்டுக் குலுக்குவது. வருகிற வரிசையில் சந்திரிகா பேர்களை அடிப்பாள். நிபந்தனைகள் அப்படியே இருக்கும், குறை ஒன்பதுக்கு மேல் போகாது. கடைசியில் வருகிற பேர்கள் பெரும்பாலும் குளத்துப் பக்கம் போகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் கூட்டம் கூடியது. சீட்டை எடுக்கக் காளியம்மாவை நிறுத்தினார்கள். பேர் கூப்பிட யார் என்ற பேச்சே எழவில்லை. அந்தக் களத்தில் மண்டோரைத் தவிர வேறு யாரும் பேர் கூப்பிட்டதில்லை. சன்னாசி மகளைப் பார்க்காமல் வந்து, வழக்கமான இடத்தில் நின்றார்.

காளியம்மா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் பிரித்துக் கூப்பிட்டார். விடியற்காலைக் குரலிலேயே கூப்பிட்டார். பழக்க தோஷம், கூட்டமும் "இருக்கேன்", "இருக்கேன்" என்று பதில் கொடுத்தது. காளியம்மாவின் பேர் நடுவில் வந்தது. அவளும் "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாள். டின் காலியாகிக்கொண்டே வந்தது. மண்டோர் பேர் இன்னும் வரவில்லை என்பது மெல்ல எல்லாருக்கும் உறைத்தது. சந்திரிகா தரையைப் பார்த்தாள்.

கடைசிச் சீட்டைக் காளியம்மா எடுத்தாள், பிரிக்காமல் நீட்டினாள். அவளுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் அதை வாங்கி, மற்றச் சீட்டுகளைப் போலவே பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"சன்னாசி!"

குரல் களத்தின் கடைசி வரைக்கும் போயிற்று.

"இருக்கேன்," என்றார் சன்னாசி. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் முறையாக மகளைப் பார்த்தார். "போம்மா, போய் அடி."