நான்காம் தொகுதிக்குப் பஞ்சம்

மதிய இடைவேளையில் கயோ தொலைபேசியில் கூப்பிட்டாள். மிசுஹோ தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அரிசி உருண்டையைப் பாதி தின்றிருந்தாள்.

"கிடைச்சுடுச்சுடி!" என்று கத்தினாள் கயோ.

எது என்று மிசுஹோ கேட்கவில்லை. கயோ இப்படிக் கத்துவதற்கு உலகத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. 'மேகத் தொழிற்சாலை' அனிமே தொடர், டிவிடி நான்காம் தொகுதி, முதல் அச்சு, லிமிடெட் எடிஷன்.

"எங்க?" என்றாள் மிசுஹோ.

"இஷினோமாகி போற வழியில. பழைய சாமான் கடை. கோல்ஃப் மட்டைக்கும் ரைஸ் குக்கருக்கும் நடுவுல கிடந்துச்சு. மேல சுத்தியிருக்கிற காகிதப் பட்டை இல்ல, ஒரு மூலை நசுங்கியிருக்கு. ஆனா உள்ள எல்லாம் இருக்காம். கூடுதல் குறுந்தட்டும் இருக்காம்."

"அப்படியா."

"என்னடி அப்படியா? சனிக்கிழமை வா. அவரும் வீட்டுலதான் இருப்பார். மூணு பேரும் சேர்ந்து கேக்கலாம். அதுவரைக்கும் பிரிக்க மாட்டேன்."

"பழைய தட்டு கயோ. முதல்ல என்கிட்ட குடேன், என் பிளேயர்ல போட்டுப் பாத்துட்டு..."

"உன் பிளேயர் என்ன ஆஸ்பத்திரியா? ஒழுங்கா வந்து சேரு."

மீதி உருண்டையை மிசுஹோ டப்பாவிலேயே வைத்து மூடினாள்.

இருபது வருடங்களுக்கு முன் மிசுஹோவும் கயோவும் செந்தாய் நகரில் ஒரே ரசிகர் கூட்டத்தில் இருந்தார்கள். புதுத் தொகுதி வெளியாகும் நாளில், கடை திறக்கும் முன்பே வாசலில் வரிசையில் நிற்பார்கள். அந்தத் தொடருக்கு ஓர் இணைய வானொலி நிகழ்ச்சியும் இருந்தது. ரசிகர்கள் அஞ்சலட்டை எழுதுவார்கள். குரல் கொடுத்த நடிகைகள் படித்துச் சிரிப்பார்கள். எல்லாருக்கும் புனைபெயர் உண்டு. மிசுஹோவின் பெயர் 'ஊறுகாய்க் கல்'. ஊறுகாய்ப் பானை மேல் வைக்கும் கல்லைப் போல உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதவள் என்று கயோ வைத்த பெயர்.

மிசுஹோ ஓர் அட்டையில் கோஹெய்யைப் பற்றி எழுதினாள். பெயர் சொல்லாமல்தான். வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்பவன் கோஹெய். அட்டை நிகழ்ச்சியில் படிக்கப்படவில்லை. தொலைந்தது என்று விட்டுவிட்டாள்.

நான்காம் தொகுதி வந்தது. முதல் அச்சோடு ஒரு குறுந்தட்டு இலவசம். வானொலியில் படிக்காத அட்டைகளை அதில் படித்திருந்தார்கள். ஊறுகாய்க் கல்லின் அட்டையும் அதில் இருந்தது. அடுத்த வாரம் கோஹெய்க்கும் கயோவுக்கும் திருமணம். அவர்கள் இருவரும் பழகுவது அட்டை எழுதியபோது மிசுஹோவுக்குத் தெரியாது.

திருமணச் சந்தடியில் அவர்கள் வரிசைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது முதல் அச்சு தீர்ந்திருந்தது. குறுந்தட்டு இல்லாத சாதாரணப் பதிப்புதான் மிச்சம். அதைக் கயோ தொடக்கூட மாட்டேன் என்றாள். லிமிடெட் எடிஷன் ஆறையும் வரிசையாக வைத்தால் முதுகுப் பக்கங்கள் சேர்ந்து ஒரே படமாகும். ஊர் முழுக்கப் புகைபோக்கிகள், அவற்றிலிருந்து எழும் மேகங்கள். கயோவின் அலமாரியில் அந்த ஊருக்கு நடுவே ஒரு பள்ளம். அதன் வழியாகச் சுவர் தெரிந்தது.

"எனக்கும் கிடைக்கலடி" என்று அன்றைக்கு மிசுஹோ சொன்னாள். அது முதல் பொய்.

பிறகு பழைய வட்டுக் கடைகளில் நான்காம் தொகுதி ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. இணையத்தில் வாங்குவதைக் கயோ நம்ப மாட்டாள். மூலையைத் தடவிப் பார்க்க வேண்டும், பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஆகவே ஊர்க் கடைகளை மட்டும் காவல் காத்தால் போதும் என்று மிசுஹோ கணக்குப் போட்டாள். வேலை முடிந்ததும் ஒரு சுற்று. தட்டுப்பட்டால் வாங்கிவிடுவாள். வீட்டுச் சுவரலமாரியில், குளிர்காலப் படுக்கைகளுக்குப் பின்னால் அடுக்குவாள்.

அவள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. வாங்க வாங்க அது அரிய பொருளாகிவிட்டது. கடைக்காரர்கள் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாதாரண அலமாரியில் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது தொடரைப் பார்க்காதவர்கள்கூடக் கேட்டார்கள். கயோவின் வேகமும் ஏறியது. மூன்று பேரும் சேரும் இடமெல்லாம் அதே புலம்பல்தான். மிசுஹோ பீரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவாள்.

கோஹெய் மேல் இருந்த ஆசை எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. பல்வலி போவதுபோல, ஒருநாள் நினைத்துப் பார்க்கும்போது இல்லை. நடுவில் வேறொருவரோடு சில வருடங்கள் வாழ்ந்து, பெரிய சண்டையில்லாமல் பிரிந்தும் ஆயிற்று. ஆசை போன பிறகும் குறுந்தட்டு இருந்தது. இத்தனை வருடம் மறைத்ததால், மறைத்ததே பெரிய விஷயமாகிவிட்டது. கயோவைத் தவிர அவளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை.

சனிக்கிழமை மதியம் கயோவின் வீடு இருக்கும் நாகாமாச்சியில் இறங்கினாள். பனி உருகித் தெரு நசநசவென்று இருந்தது. ஜுரம் என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். இன்றைக்குத் தப்பினால் அடுத்த சனிக்கிழமை. கயோ விடமாட்டாள்.

கதவைத் திறந்தது கோஹெய். தலை பாதி நரைத்திருந்தது. வயிறு போட்டிருந்தது.

"வாம்மா. அவ காலைலேர்ந்து அலமாரி துடைக்கறா. மாமியார் வர்றப்பகூட இவ்வளவு துடைச்சதில்ல."

"உங்க அம்மா லிமிடெட் எடிஷனா?" என்று உள்ளிருந்து கயோவின் குரல் வந்தது. "வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்துடறாங்க."

மூவரும் கணப்பு மேசைப் போர்வைக்குள் கால்களை நீட்டி உட்கார்ந்தார்கள். மேசை நடுவில் அது இருந்தது. கடைக்காரர் சுற்றிக் கொடுத்த மெல்லிய பிளாஸ்டிக் உறையோடு.

"நீ பிரி" என்று கயோ மிசுஹோவிடம் நீட்டினாள்.

"என் கை சரியில்ல. நீயே பிரி."

"நான் பிரிச்சா கிழிச்சுடுவேன். இந்தாங்க, நீங்க பிரிங்க."

கோஹெய் வாங்கிக்கொண்டான். சுண்டுவிரல் நகத்தால் ஓரத்தைத் தேடினான். இணைப்பு கிடைத்ததும் மெதுவாக நெம்பினான். உறை ஓசையில்லாமல் விலகியது. அதை உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மிசுஹோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

குறுந்தட்டு சுழன்றது. பாட்டு வந்தது. நடிகைகள் வந்தார்கள். அட்டைகள் வந்தன. நரித்தோல் என்பவர் தன் பூனைக்குக் கதாநாயகியின் பெயர் வைத்திருந்தார். கயோ கைதட்டிச் சிரித்தாள். இந்தப் பழைய தட்டு எங்காவது சிக்கி நின்றுவிடாதா என்று மிசுஹோ காத்திருந்தாள். அது நிற்கவில்லை.

"அடுத்த அட்டை. செந்தாய் நகரம், புனைபெயர் ஊறுகாய்க் கல்!"

"ஏய்!" கயோ மிசுஹோவின் தோளில் ஓர் அடி வைத்தாள். "உன்னோடதுடி! சொல்லவே இல்ல!"

நடிகை படித்தாள்.

"எங்க ஊர்க் கடை வாசல்ல, புதுத் தொகுதி வர்ற அன்னிக்கு ஒருத்தர் வரிசையில நிப்பார். வேலைக்கு நேரமாச்சுன்னு பின்னால யாராவது சொன்னா, தன் இடத்தைக் குடுத்துட்டுக் கடைசிக்குப் போயிடுவார். அதனால முதல்ல வர்றவங்களுக்குத் தர்ற போஸ்டர் அவருக்கு ஒரு தடவைகூடக் கிடைச்சதில்ல. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. மேல இருக்கிற பிளாஸ்டிக்கைக் கிழிக்க மாட்டார். நகத்தால ஓரத்தைத் தேடிப் பிரிச்சு, உருட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவார். தரையில ஒண்ணும் விழாது. ஆறாம் தொகுதி வந்துட்டா வரிசை முடிஞ்சுடும். அதுக்கப்புறம் எந்தக் காரணத்தைச் சொல்லி அவர் பக்கத்துல நிக்கறதுன்னு எனக்குத் தெரியல."

"சொல்லிடுங்க, ஊறுகாய்க் கல்!" என்றாள் இன்னொரு நடிகை. "ஆறாவது வர்றதுக்குள்ள சொல்லிடுங்க!"

அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்கள்.

கயோ சிரிக்கவில்லை. கணவனின் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பை புடைத்திருந்தது.

கோஹெய்தான் முதலில் வாயைத் திறந்தான். "யாரும்மா அந்த ஏமாளி? போஸ்டரை விட்டுட்டு நிக்கறவன்?"

மிசுஹோ போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வரிசையில நின்ன தகமியா? தகமிதான். அவன்தான் எப்பவும் கடைசில நிப்பான்."

"அவன் தூங்கி லேட்டா வருவான்" என்றாள் கயோ. "அதான் கடைசில நிப்பான்."

"இல்ல இல்ல, தகமிதான். பாவம், அவனுக்குத் தெரியுமா? இப்ப மொரியோகாவுல மூணு பிள்ளைங்க."

"தகமின்னே வச்சுக்குங்க" என்றாள் மிசுஹோ.

"டீ போடறேன்" என்று கயோ எழுந்தாள். "நீ வாடி."

சமையலறையில் கயோ கெண்டியில் தண்ணீர் பிடித்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"அவர்தானே?"

"ஆமா."

"கல்யாணத்துக்கு முன்னாடியே?"

"எழுதினப்ப நீங்க பழகறது தெரியாது. தெரிஞ்சப்புறம் ஒண்ணும் பண்ணல கயோ. ஒரு வார்த்தை சொல்லல."

"இப்ப?"

"இல்ல."

"நிச்சயமா?"

"போன வருஷம் கரோக்கேல அவர் பாடினாரே. கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தாலும் அன்னிக்குப் போயிருக்கும்."

கயோவின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று மிசுஹோ நினைத்தாள். அவள் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பாடா" என்றாள்.

"என்ன அப்பாடா?"

"எங்க அம்மா சாகறவரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க, இவன்கிட்ட என்னத்தடி கண்டேன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நல்லவர்னு சொல்லுவேன். எல்லாரும் நல்லவங்கதானேம்பாங்க. ஒருவேளை எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதோ, வேற ஒருத்தியும் திரும்பிப் பாக்காத ஆளைக் கட்டிக்கிட்டேனோன்னு நினைச்சிருக்கேன். சண்டை வந்தா ரொம்பவே நினைச்சிருக்கேன்." கெண்டி முனகத் தொடங்கியது. "நீ எவ்வளவு சரியா எழுதியிருக்க. அந்த போஸ்டர் விஷயம் எனக்கே தெரியாது."

"அவருக்கே தெரியல."

"அவர்கிட்ட சொல்லிடாத. தலைகால் புரியாது."

மிசுஹோ சுவரில் சாய்ந்தாள். இவ்வளவுதானா என்று இருந்தது. இதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் மனம் இலகுவாகிவிட்டது, வாயும் கூடவே இலகுவாகிவிட்டது.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள்.

"சொல்லு."

"நான்காம் தொகுதி என்கிட்ட இருக்கு."

"முதல் அச்சா? எப்பலேர்ந்து?"

"வெளிவந்த அன்னிலேர்ந்து. நீ கேட்டுடக் கூடாதுன்னு... கடைக்கு வந்ததெல்லாம் நான்தான் வாங்கினேன்."

"எல்லாம்னா?"

"பதினொண்ணு."

கயோ அடுப்பை அணைத்தாள். இப்போதுதான் அவள் முகம் சிவந்தது.

"பதினொண்ணா?"

"ஆமா."

"பனியில, மழையில, முழங்கால் வலியோட நான் ஒவ்வொரு கடையா ஏறி இறங்கினேன்டி! எங்க போனாலும் நேத்துதான் ஒருத்தங்க வாங்கிட்டுப் போனாங்கம்பான். அந்த ஒருத்தி நீதானா?"

"மன்னிச்சுடு."

"என் புருஷனை நீ ஆசைப்பட்டதுகூடப் பரவாயில்ல. அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. இது என்னடி? வீட்டுக்குள்ள பதினொண்ணை வச்சுப் பூட்டிட்டு, என் எதிர்ல உக்காந்து பீர் குடிச்சிருக்கே!"

"என்னாச்சு?" என்று கோஹெய் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல!" என்றார்கள் இருவரும்.

கயோ டீக் கோப்பைகளை எடுத்தாள். ஒன்றை ஓசையோடு வைத்தாள். அடுத்ததை மெதுவாக வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"காகிதப் பட்டை இருக்கா?"

"எல்லாத்துலயும்."

"மூலை?"

"ஒண்ணுகூட நசுங்கல. பாத்துப் பாத்துதான் வாங்கினேன்."

"வெயில்ல வச்சியா? முதுகு வெளுத்திருக்கா?"

"படுக்கைக்குப் பின்னாலதான் இருந்துச்சு. இருட்டு."

கயோ டீயை ஊற்றினாள். கை நிலையாக இருந்தது. "ரொம்ப நல்லா வச்சிருக்க" என்றாள். கோபம் முழுதும் போகவில்லை. மதிப்பும் கொஞ்சம் கலந்திருந்தது. "நாளைக்கே அத்தனையும் கொண்டு வா. எனக்கு எதுன்னு நான் பாத்து எடுத்துக்கறேன். மீதிய நீ கடைகளுக்கே திருப்பிக் குடு. வேற யாராவது என்னை மாதிரி அலைஞ்சிட்டிருப்பாங்க."

"ஒரே நாள்ல பத்தையும் குடுத்தா சந்தேகப்படுவாங்களே."

"பாத்தியா, இப்பவும் திருட்டு புத்தி. கடைக்கு ஒண்ணா குடு. நானும் வர்றேன். உன்னைத் தனியா விட்டா திரும்ப வாங்கிட்டு வந்துடுவ."

டீத் தட்டோடு உள்ளே போனார்கள். கோஹெய் நசுங்கிய மூலைக்காரனை அலமாரியில் செருகியிருந்தான். புகைபோக்கிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடின. மேகம் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"வந்துருச்சு பாரு" என்றான் கோஹெய். "இனிமே இவ எதைத் தேடுவா?"

"உங்களைத்தான்" என்றாள் கயோ. "டீ ஆறுது, உக்காருங்க."

மாலை சுரங்க ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. மடியில் கயோ கொடுத்த பச்சைப் பயற்று இனிப்பு இருந்தது. வழக்கமாக இந்த நேரத்தில் மிசுஹோ நகரின் நடுவே இறங்கிக் கடைகளை ஒரு சுற்று பார்ப்பாள். அந்த நிலையம் வந்தது. கதவு திறந்தது, மூடியது. அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போக கிதா செந்தாயில் இறங்க வேண்டும். அதற்குள் கண் சொக்கிவிட்டது. யாரோ தோளைத் தொட்டார்கள்.

"அம்மா, கடைசி ஸ்டேஷன் வந்தாச்சு. இறங்கலாம்."

இசுமி சூஓ. மலையோரம், காற்று சில்லென்று அடித்தது. ரயில் ஊழியர் எதிர்ப் பக்கத்தைக் காட்டி, திரும்பிப் போகும் ரயில் அங்கே வரும் என்றார். மிசுஹோ நன்றி சொன்னாள். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து இனிப்புப் பெட்டியைப் பிரித்தாள். மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு ரயிலை விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் தின்று முடித்த பிறகுதான் அடுத்ததில் ஏறினாள்.