ஒதுங்க ஒரு குளிர் மூலை

பாம்பைச் சுபாஸ்கரன் வாங்கிவந்தது மனைவிக்குப் பொழுது போகட்டும் என்றுதான். அப்படித்தான் அவன் சொன்னான்.

"தனிய இருக்க விசராக் கிடக்கு எண்டு சொன்னீர்தானே. இந்தாரும், உமக்கு ஒரு துணை."

கண்ணாடித் தொட்டியை ஹோலின் மூலையில் இறக்கி வைத்தான். உள்ளே பென்சில் தடிப்பில் ஒரு குட்டி. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று வளையம் வளையமாக, யாரோ நூல் சுற்றிவிட்டதுபோல இருந்தது. மில்க் ஸ்நேக் என்றான். நஞ்சில்லை, சாது, கையில் எடுக்கலாம் என்றான். வயரிங் வேலைக்குப் போன வீடொன்றில் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதன்மேல் ஒரு கண்.

ஜெயகௌரி குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரிஸில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியை நடத்தியவள் அவள். துணி தைப்பதும் திருத்துவதும் அவள் கைக்குத் தண்ணீர் பட்ட பாடு. லண்டனில் சொந்தத் தொழில் தொடங்கலாம் என்று அவன் புறப்பட்டபோது அவளும் பெட்டியைக் கட்டினாள். வால்தம்ஸ்டோவில் ஒரு மேல்மாடி வீடு. இங்கே அவளுடைய பிரெஞ்சு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷோ வாய்க்குள்ளேயே நின்றது. வேலை தேடட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "முதல்ல பாசையைப் பிடியும், பிறகு பாப்பம்" என்பான். விடிய வான் வண்டியில் ஏறினால் இருட்டித்தான் திரும்புவான். அவள் ஜன்னலுக்கும் குசினிக்குமாக நடப்பாள். குசினியில் ஒன்றும் இல்லையென்று திரும்பவும் ஜன்னலுக்கு வருவாள்.

பாம்போடு அதன் சாப்பாடும் வந்தது. ஃபிரீசரில் இறால் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ்கிறீம் டப்பா. அதற்குள் மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. அன்றைக்கே இறாலைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

"கடையில, சூட்டை அளவா வைச்சிருக்க எண்டு தெர்மோஸ்டாட் ஒண்டையும் தலையில கட்டப் பாத்தவங்கள். எனக்கே கறண்ட் படிப்பிக்கிறாங்கள்" என்று சிரித்தான் சுபாஸ்கரன். தொட்டியின் அடி முழுவதும் விரியும், மின்சாரத்தில் சூடேறும் பாய்போன்ற பெரிய சூட்டு மேட் ஒன்றை வைத்து, வான் வண்டியில் கிடந்த, கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, கிட்டத்தட்டக் கடைசிவரை திருப்பிவிட்டான். "குளிர் நாடு. நல்லாச் சூடாக் கிடக்கட்டும்."

குட்டி முதல் நாளே ஓடத் தொடங்கியது. கண்ணாடி ஓரமாக ஒரு சுற்று, மறு சுற்று, பிறகு மூக்கால் மூடியை முட்டி ஒரு தள்ளு. மாலையில் வந்து பார்க்கும் சுபாஸ்கரனுக்கு வாயெல்லாம் பல். "பாரும், என்ன துடிப்பு!"

பகல் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஜெயகௌரிதான். பார்க்கக்கூடாது என்று முதுகு காட்டி இருந்தாலும் தொட்டியில் பரப்பிய உமியில் அது ஊரும் சரசரப்புக் கேட்கும். ஓடிக் களைத்தால் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடக்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட்டம். அது ஓடினால் அவளுக்கும் கால் நிற்காது. சுபாஸ்கரன் வைத்த எலிக்குஞ்சு தொடப்படாமல் காய்ந்து கருகிப்போய்க் கிடக்கும். காலையில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்து எறிவாள்.

"இஞ்சாருங்கோ, இது வந்த நாள் துவக்கம் ஒண்டும் தின்னேல்லை."

"பசிச்சாத் தின்னும்."

பாரிஸில் இருக்கும் அக்கா தவமலருக்குப் போன் செய்தாள்.

"பால் பாம்பெண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள், நீ எலியைக் குடுத்தாத் தின்னுமோ? பாலை வைச்சுப் பார் கௌரி."

வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தாள். பாம்பு பால் தட்டின்மேலேயே ஏறி ஓடியது.

மறுநாள் காலை கிட்டப் போய்ப் பார்த்தாள். வளையங்களுக்கிடையே தோல் சுருங்கி, முதுகெலும்பு ஒரு கோடாகத் தெரிந்தது. பாம்பென்றால் அவளுக்கு இன்னும் பயம்தான். ஆனால் ஒரு உயிர் கண்முன்னால் வற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் பாம்பு வாங்கிய கடையைத் தேடிப் பஸ் ஏறினாள்.

கடையில் தலைமயிருக்கு நீலச்சாயம் பூசிய ஒரு பெண் இருந்தாள். ஜெயகௌரி பாதி இங்கிலீஷிலும் பாதி பிரெஞ்சிலும் சொன்னாள். ஓடுவதை விரலால் ஓடிக் காட்டினாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறதா?"

"யெஸ், யெஸ்."

"அப்படியென்றால் அதற்குச் சூடு தாங்கவில்லை. ஓடித் தப்பப் பார்க்கிறது."

மெதுவாக, ஒரு தாளில் தொட்டி கீறி விளக்கினாள். ஒரு பக்கம் மட்டும் இருபத்தெட்டு, முப்பது பாகைச் சூடு. மறுபக்கம் இருபத்துமூன்று அளவில் குளிர்ச்சி. இரண்டிலும் ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. பாம்பு தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே போகும். எலிக்குஞ்சு பாம்பின் உடம்பைவிடத் தடிப்பாக இருக்கக்கூடாது. இளஞ்சூட்டு நீரில் குளிர் விடவைத்து, ஐந்தாறு நாளைக்கு ஒன்று போதும். வெருண்ட குட்டி தின்னாது. தொடாமல், எட்டிப் பார்க்காமல் விட வேண்டும்.

சின்ன மேட் ஒன்றும் தெர்மோஸ்டாட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே உடுப்புத் திருத்தும் கடையொன்றின் கண்ணாடியில் ஆள் தேவை என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கம் பல தடவை போயிருக்கிறாள். கண்ணில் பட்டதும் உண்டு. இன்று கால் தானாகத் தெருவைக் கடந்தது. உள்ளே இருந்த துருக்கிக்காரி ஒரு காற்சட்டையை நீட்டினாள். ஜெயகௌரி மெஷினில் உட்கார்ந்து அடிமடித்துக் கொடுத்தாள். துருக்கிக்காரி உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். "திங்கட்கிழமை வா" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் தொட்டியின் மூடி ஒரு மூலையில் கிளம்பியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

போனில் சுபாஸ்கரன் சினந்தான். "நான் ஏணியில நிக்கிறன். கதவைச் சாத்திப்போட்டுப் பேசாம இரும்."

அவளால் இருக்க ஏலவில்லை. மேட்டின் சுவிட்சை நிறுத்தினாள். சோபாவை இழுத்தாள், சப்பாத்துகளை உதறினாள், ஃபிரிட்ஜின் பின்னால் டோர்ச் அடித்தாள். கீழ்வீட்டுக்காரருக்குச் சின்னப்பிள்ளை இருக்கிறது என்ற நினைப்பு வந்ததும் வாசற்கதவின் அடி இடுக்கில் துணியைத் திணித்தாள். சூட்டுக்குத் தப்பி ஓடியது எங்கே போகும்? குளிருக்குத்தான் போகும். குளியலறைக்கு ஓடி, குளிக்கும் தொட்டியின் பக்கப்பலகையைக் கத்தியால் நெம்பினாள். குழாய் ஓரத்து ஈரத்தில் சிவப்பாக ஒரு சுருள்.

கையுறை எடுக்கப் போனால் அது ஓடிவிடும். ஜெயகௌரி பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். வழுவழுவென்று இருக்கும் என்று நினைத்தாள். உலர்ந்த பட்டுப்போலத்தான் இருந்தது. குளிர்ந்து போயிருந்தது. விரலைச் சுற்றி மெல்ல இறுக்கியது. கடிக்கவில்லை.

சுபாஸ்கரன் வந்தபோது பாம்பு புது மேட்டோடு, இரண்டு பக்கமும் பொந்தோடு, துணி மூடிய தொட்டிக்குள் இருந்தது.

"என்ர வயரிங்கில என்ன பிழை?"

"நீங்களே பாருங்கோ." அவள் தெர்மோஸ்டாட்டோடு வந்த வெப்பமானியைப் பழைய மேட்டின்மேல் வைத்துச் சுவிட்சைப் போட்டாள். இலக்கம் ஏறியது. முப்பதைத் தாண்டியது. நாற்பதையும் தாண்டியது. அவன் எட்டி நிறுத்தினான். தன் உள்ளங்கையை மேட்டில் வைத்துப் பார்த்து உடனே எடுத்தான்.

அடுத்த நாட்கள் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. துணியை விலக்கிப் பார்க்க அவன் கை நீளும், அவள் தட்டிவிடுவாள். சரசரப்புக் கேட்காமல் போனதே அவளுக்குப் பயமாக இருந்தது. செத்துவிட்டதோ?

ஞாயிறு மாலை ஆகச் சின்ன எலிக்குஞ்சை இளஞ்சூட்டு நீரில் போட்டுக் குளிர் விடவைத்து, பொந்தின் வாசலில் வைத்துவிட்டுத் துணியை மூடினாள். சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், சோற்றில் உப்பில்லை, இருவரும் கவனிக்கவில்லை. கோப்பை கழுவிவிட்டுத் துணியின் ஓரத்தை அவள் விலக்கினாள். பொந்திலிருந்து நீண்ட தலை வாயைப் பிளந்து குஞ்சை விழுங்கிக்கொண்டிருந்தது. இளஞ்சிவப்புப் பின்னங்கால் மட்டும் வெளியே. பார்த்துக்கொண்டிருக்கவே அதுவும் உள்ளே போனது.

"தின்னுது!" என்று குசுகுசுத்தான் சுபாஸ்கரன். அவன் கண் கலங்கியிருந்தது. "செத்திருந்தா என்ர பாவமாய்ப் போயிருக்கும்."

அதற்குமேல் அவளால் பொறுத்திருக்க முடியவில்லை.

"நாளைக்கு நான் வேலைக்குப் போறன். உடுப்புத் திருத்துற கடை. திங்கள் துவக்கம் வெள்ளி மட்டும்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமலோ?"

"எத்தினை தரம் கேட்டனான். நீங்கள் எப்பவும் பிறகு எண்டியள்."

அவன் தொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்ப உந்தப் பாம்பை ஆர் பாக்கிறது?"

"நீங்கள் வாங்கினது. நீங்கள்தான்."

அவள் உள்ளே போய், நாளைக்குப் போடுவதற்கு ஒரு சட்டையை எடுத்து அயன் பெட்டியால் மினுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து ஹோலிலிருந்து அவன் குரல் வந்தது.

"கௌரி, காலமை எத்தினை மணிக்கு அங்க நிக்கவேணும்? வானில கொண்டுபோய் விடுறன்."

"வேண்டாம். பஸ் தெரியும்" என்றாள் அவள்.