தீர்ப்புப்படி ஆறு மணி

எதிர்வீட்டு ரிடயர்டு ஜட்ஜ், விவாகரத்தான அப்பாக்களுக்கு ஞாயிறு மட்டும், அதுவும் மாலை ஆறு மணி வரை, பிள்ளையைக் கொடுத்துப் பழகியவர். அப்படியொரு கதையைப் படித்துவிட்டு மனைவி மூக்கைச் சிந்தினால், "கதை வேற, சட்டம் வேற" என்பார். இப்போது சொந்த மகனுக்கும் விவாகரத்தாகி, பேத்தி ஞாயிறு மட்டுந்தான் வருகிறாள்.

நேற்று ஞாயிறு மாலை, பேத்தியை அழைத்துப்போக முன்னாள் மருமகள் டாக்சியோடு வாசலில் நிற்கிறாள். பேத்தியின் ஒரு ஷூவைக் காணோம். பெரிய மனுஷர் அதைப் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மனைவியும் பார்த்திருக்கிறார்.

"ஆறு மணின்னா ஆறு மணின்னு எத்தனை பேருக்கு எழுதினீங்க! எடுங்க அதை."

"எழுதறப்ப நான் வாசல்ல நிக்கலையேடி."

ஷூவை எடுத்துவந்து தானே மாட்டிவிட்டார். லேஸை மட்டும் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார்.

"இருங்கண்ணே," என்றாள் மருமகள். "தாத்தா கட்டி முடிக்கட்டும்."