எதிர்ச் சுவர்

சந்தில் ஏணி போட்டு ஏறி, ஏ.சி. மெக்கானிக் எதிர்வீட்டுச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் அவர் வீட்டு ஜன்னல். உள்ளே மனைவி ஏழு மாத வயிற்றோடு, ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்கெல்லாம் ஏ.சி. மாட்டுகிறவர் வீட்டில் ஒரு மின்விசிறிதான். அந்தப் பழைய வயரிங் அதற்கே முனகும்.

போன கோடையில் இதே ஏழாம் மாதத்தில்தான் வயிற்றுப்பிள்ளையின் துடிப்பு நின்றுபோனது. சூடும் புகையும்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்ற டாக்டர், இந்தமுறை கறாராகச் சொல்லிவிட்டார்: புகை வராமல் ஜன்னலைச் சாத்துங்கள், அறையைச் சூடேற விடாதீர்கள். இரண்டையும் ஒரே அறையில் எப்படிச் செய்வது என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை, டாக்டர் என்றால் தலையாட்டியே பழக்கம். தெருமுனையில் லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும்போது ஜன்னலைச் சாத்துவாள். அறை வேகத் தொடங்கியதும் திறப்பாள். திறந்தால் சந்தில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டெல்லாம் முகத்தில் அனலை ஊதும். அவற்றில் பாதி இவர் கையால் மாட்டியவை.

எதிர்வீட்டு டீச்சர் பேத்தியை ஏந்திக்கொண்டு வந்து ஏ.சி. மாட்டித் தரக் கேட்டபோது மழுப்பத்தான் பார்த்தார்.

"அவுட்டோர் யூனிட்ட மொட்டை மாடியில வெச்சிடலாம் டீச்சர். பைப் செலவு என்னோடது."

"மாடியில ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னுட்டார் ஓனர். பேத்தியப் பாருங்க, உடம்பெல்லாம் கொப்புளம். பாலே குடிக்க மாட்டேங்குறா."

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. வேர்க்குரு சீழ் கோத்திருந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அடுத்த தெருக்காரன் வந்து மாட்டியிருப்பான், அதையும் கோணலாக.

"ஏங்க," என்றாள் மனைவி இப்போது ஜன்னலுக்கு வந்து. "கொஞ்சம் திருப்பி வெக்கக் கூடாதா? அவங்க காத்து அவங்க வீட்டுக்கே போகட்டுமே."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"சுவத்தப் பாத்து ஊதினா மெஷின் திணறி நின்னுடும்மா."

"அப்ப வேணாம். மெஷின் நல்லாருக்கட்டும்."

அவர் திரும்பிப் பார்க்காமல் போல்ட்டை முறுக்கினார். தேவைக்கு மேலேயே முறுக்கினார்.

வேலை முடிந்து, டீச்சர் வீட்டு அறைக்குள் போய் ஓடவிட்டார். சிறிது நேரத்தில் குளிர் இறங்கியது. பிள்ளையின் சிணுங்கல் நின்றது. அது கையை விரித்துப் போட்டுத் தூங்குவதைப் பார்த்து டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாருப்பீங்க தம்பி. இன்னும் கொஞ்சம் குறைச்சு வெக்கலாமா?"

ரிமோட்டை வாங்கி அழுத்தினார். மூடிய கண்ணாடி வழியாக அவர் வீட்டு ஜன்னல் தெரிந்தது. காலையிலிருந்து ஆடாமல் தொங்கிய திரைச்சீலை மெல்ல எழும்பி, காற்றை வாங்கி உள்பக்கம் உப்பியது. சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டு ஒரு கதவை இழுத்துச் சாத்தியது. கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, மற்றதையும்.