கடலுக்குப் போகாத ஆறு

ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எல்லம்மாள் ஒரு மலைக்கு உச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்குக் கரண்டி நுழையாது, விரல்தான் நுழையும். கலவையைச் சிட்டிகை சிட்டிகையாக வைத்து, கட்டைவிரலால் மேல்நோக்கி இழுத்து, ஈரத்துணியால் ஒத்தினாள். உள்ளங்கையில் சிமெண்ட் அரித்தது. அதையெல்லாம் பார்த்தால் மலை எழும்புமா?

திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் முற்றத்தில், ஒரு லாரி நிற்கிற அகலத்துக்குக் கண்டம் படுத்திருந்தது. மேடு, பள்ளம், ஆறு, பாலைவனம் எல்லாம் சிமெண்டில். சுற்றிலும் நீலச் சாயம் பூசின தரை, அதுதான் கடல். பிள்ளைகள் கடலில் நின்றபடி பாடம் கேட்பார்கள். பூகோளப் பாடம் எடுக்கிற ஹரிப்ரியா மிஸ்ஸின் யோசனை இது. காகிதத்தில் பச்சையும் பழுப்புமாக அவளே படம் வரைந்து கொடுத்திருந்தாள்.

வேலையை எடுத்தவர் ராமதாஸ் மேஸ்திரி. அதற்கென்று அவர் அழைத்து வந்த கொத்தனார் வரதன், இப்போது புங்கமரத்து நிழலில் வலது கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடத்து மதிலுக்குச் சாரம் கட்டும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு விட்டுப்போயிருந்தது. ஆண்டு விழாவோ நெருங்கிவிட்டது. வேறு கொத்தனாரைத் தேடினால், இருந்தவனெல்லாம் அடுக்குமாடி வேலைக்கு ஓடியிருந்தான். கடைசியில் மேஸ்திரி அரை மனசாக எல்லம்மாளைப் பார்த்தார். வரதனுக்குப் பின்னால் நின்று, அவன் பூசிவிட்டுப் போன இடத்தையெல்லாம் தேய்த்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"இத்த மட்டும் சுத்தமா முடிச்சிக் குடு எல்லம்மா. அடுத்த சைட்லருந்து உன்ன கொத்தனாரா வெச்சிக்கிறேன்."

அன்றைக்கு எல்லம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டதில் ஒரு நடிப்பும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தலையில் மணலும் ஜல்லியும் சுமந்து சுமந்து அவள் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது. இடது கை விரல்கள் காலையில் எழும்போது மரத்துக் கிடக்கும். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் தலையில் பாரம் வைக்கவே கூடாது, வைத்தால் கை விளங்காமல் போய்விடும் என்று சொல்லிவிட்டார்.

"தலையில வெக்காத சித்தாளு எங்க சார் கீறா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை.

கொத்தனார் தலையில் எதுவும் வைப்பதில்லை. கரண்டியும் ரசமட்டமும் போதும். அதனால்தான் வரதன் தன் கரண்டியை இடது கையால் நீட்டி, "எடுத்துக்கோ, நமக்குள்ள இன்னா" என்று சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிப் போனது. எந்தக் கொத்தனாரும் தன் கரண்டியை இன்னொருத்தர் கையில் லேசில் கொடுத்துவிட மாட்டான். அதுவும் ஒரு பொம்பளை கையில்.

வரதன் நிழலிலிருந்து படத்தைப் பார்த்துச் சொல்வான், அவள் செய்வாள். ஓரமெல்லாம் தூக்கலாகவும் அங்கிருந்து கடலுக்குச் சட்டென்று இறங்குகிற மாதிரியும் வர வேண்டும் என்றிருந்தது. தட்டைக் கவிழ்த்த மாதிரி என்று மிஸ் சொல்லியிருந்தாள். வடக்கே பாலைவனத்துக்கு எம்-சாண்ட் மணலைச் சலித்துத் தூவி, விரல் நுனியால் அலை அலையாக வரி போட்டாள். வேலை கையில் படிந்து வந்தது.

கீழ்ப்பாதியில்தான் சிக்கல். படத்தில் ஓர் ஆறு மேட்டிலிருந்து இறங்கி, நடுநிலத்தில் ஒரு பள்ளத்துக்குள் போய், அங்கேயே முடிந்திருந்தது.

"ஆறு உள்ள வர்து, வெளிய போறதுக்கு வழியே காணோமே," என்று வரதன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "படம் போட்டவங்க மறந்துட்டாங்களா?"

எல்லம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. மறந்துதான் இருப்பார்கள். சிமெண்ட் தரை என்றால் வாட்டம் வேண்டும். தண்ணீர் சரிந்து வெளியே போய்விட வேண்டும். இது கட்டட வேலையில் முதல் பாடம். தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கும், கொசு வரும், பூச்சு வெடிக்கும். மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் மொட்டைமாடியில் ஓரமாக ஒரு கை தண்ணீர் தேங்கியதற்காக, மேஸ்திரி அத்தனை தளத்தையும் கொத்திப்போடச் சொன்னார்; அந்தக் கழிவையெல்லாம் அவள்தான் கீழே சுமந்தாள். அந்தப் பாடம் கழுத்தில் ஏறிய பாடம்.

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அவ்வளவு படித்தவர்கள் விட்டுப்போனதை நாம் போய்ச் சொல்லிக் காட்டுவானேன் என்று தோன்றியது. அது மரியாதையாகாது. சத்தமில்லாமல், பள்ளத்திலிருந்து கிழக்குக் கடல் வரைக்கும் அழகாக ஒரு வாய்க்கால் கீறி, வழுவழுவென்று தேய்த்து, வாட்டம் கொடுத்துவிட்டாள். வரதன்கூட, "சபாஷ், யாருக்கும் தெரியாம காப்பாத்திட்ட" என்று மெச்சினான்.

தண்ணீர் விட்டுப் பார்க்கிற அன்றைக்குப் பள்ளித் தாளாளர், மேஸ்திரி, மிஸ் மூவரும் வந்தார்கள். மிஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் குவளையால் மலைமேல் தண்ணீர் ஊற்றினாள். வடக்கே போகிற பெரிய ஆறு பாலைவனத்தைக் கடந்து கடலில் விழுந்தது. மேற்கே போகிற ஆறு ஓரத்துக்கு வந்ததும் தடதடவென்று குதித்தது. "இதனாலதான் சார், கப்பல்ல வந்தவங்க ஆத்து வழியா உள்ள போக முடியாம ரொம்ப காலம் கரையிலயே நின்னாங்க," என்று தாளாளரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு கீழ்ப்பாதியில் ஊற்றினாள். தண்ணீர் பள்ளத்துக்குள் வந்தது, நிற்காமல் வாய்க்காலில் திரும்பியது, நேரே போய்க் கடலில் விழுந்தது. எல்லம்மாள் பாராட்டுக்குக் காத்திருந்தவள் மாதிரி நின்றாள்.

"இந்த ஆறு கடலுக்குப் போகாதே," என்றாள் மிஸ்.

"யார் செஞ்சது இது?" என்று தாளாளர் கேட்டார்.

மேஸ்திரி ஒரு நொடி எல்லம்மாளைப் பார்த்தார். "பொம்பள கையில கரண்டி குடுத்தது என் தப்புதான் சார். எல்லாத்தையும் பேத்துட்டு வேற ஆள வெச்சி போட்டுடறேன்."

எல்லம்மாளின் கை தானாகப் பிடரிக்குப் போனது. நல்லது செய்யப் போய் இப்படியா?

"வேண்டாம் சார்," என்றாள் மிஸ். "அந்த இடத்துல தண்ணி நிக்கணும்னு நான் எழுதவே இல்ல. படத்துல பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். தப்பு என்னோடது. அவங்களே சரி பண்ணிடுவாங்க. இந்த மலைய இவ்வளவு நேர்த்தியா வேற யார் செய்வாங்க?"

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "விழாவுக்குள்ள முடிஞ்சா சரி" என்று நடந்தார். மேஸ்திரி அவர் பின்னாலேயே போனார்.

எல்லம்மாள் அப்படியே ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ கட்டடத்தில் எத்தனையோ தப்புக்கு அவள் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அதில் பாதி அவள் செய்யாத தப்பு. படித்த ஒருத்தர் கூலிக்காரப் பொம்பளைக்கு முன்னால் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. நன்றி என்று சொல்லத் தெரியாமல், "மிஸ்ஸு, நீ நல்லா இருப்ப" என்றாள்.

மிஸ்ஸும் கடலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் தெற்கே. வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்தவள். "ஏன் எல்லம்மா, வெளிய வழி விட்டீங்க?"

"தண்ணி நின்னா வீணாப் பூடுமே மிஸ்ஸு. இன்னாத்துக்கு அது கடலுக்குப் போவாம அங்க நிக்குது?"

"சுத்தியும் மேடு. போறதுக்கு வழியில்ல. வடக்க மலையில மழை பெய்யும். அந்தத் தண்ணி மெதுவா நகர்ந்து நகர்ந்து இங்க வந்து சேர மாசக்கணக்குல ஆகும். அது வரும்போது இங்க கடும் வறட்சி. வானத்துல ஒரு சொட்டு இருக்காது, ஆனா தரையில வெள்ளம் வந்து பரவும். யானை, மாடு, மனுஷன் எல்லாம் அதை நம்பித்தான். நாணல்ல வீடு, மரத்தைக் குடைஞ்சு படகு. பொம்பளைங்க கூட்டமா இறங்கி, கூடையால மீன் பிடிப்பாங்க."

"கூடையாலயா?" எல்லம்மாள் நிமிர்ந்தாள். "எங்க ஏரி வத்தறப்போ நாங்களும் அப்டித்தான் கூடைய கவுத்துப் புடிப்போம். சேத்துல நின்னுகினு, ஒருத்தி பக்கத்துல ஒருத்தி."

"அதேதான். அங்கயும் அதேதான்."

"அட இன்னா மிஸ்ஸு நீ! ஏரின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அப்டியே வுட்டுருப்பேனே. ஏரிய எவளாவது கடலுக்கு ஒடைச்சி வுடுவாளா?"

மரத்தடியில் வரதன் வாய்விட்டுச் சிரித்தான். மிஸ்ஸும் சிரித்தாள். எல்லம்மாளுக்கு மனசு லேசாகிவிட்டது.

வாய்க்காலைக் கொத்தி எடுத்து அடைத்தாள். பள்ளத்தை இன்னும் கொஞ்சம் பரப்பினாள். அங்கே ஆறு பல கிளையாகப் பிரிய வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தாள்; எப்படி என்று யோசித்தவள், விரல்களை அகல விரித்துத் தன் கையையே ஈரக் கலவையில் அழுத்தி எடுத்தாள். ஓரங்களை மட்டும் துணியால் தேய்த்துவிட்டாள். தண்ணீர் விட்டதும் அது மணிக்கட்டு வழியாக வந்து, ஐந்து விரலிலும் பிரிந்து, நின்றது. மிஸ் வந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டினாள். மேஸ்திரியும் பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு எழுத்தை எல்லம்மாள் வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோனாள்.

விழா அன்று ஷாமியானா போட்டிருந்தார்கள். எல்லம்மாள் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, மேஸ்திரியோடும் வரதனோடும் பந்தலின் ஓரத்தில் நின்றாள். அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, விருந்தாளிகள் ஆளுக்கொரு சொம்பு எடுத்து மலைமேல் ஊற்றினார்கள். ஆறுகள் ஓடின. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள்.

"இந்தக் கண்டத்தைக் கட்டிய கொத்தனாரை மேடைக்கு அழைக்கிறோம்!" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

மிஸ்தான் சொல்லி வைத்திருக்க வேண்டும். எல்லம்மாளின் கால் ஒரு அடி முன்னால் போனது. மேஸ்திரி வரதனின் முதுகில் கை வைத்தார்.

"போடா."

"நானா? இத்த கட்னது எல்லம்மா, மேஸ்திரி."

"கொத்தனாருன்னுதான கூப்டாங்க? வெளியூரு கான்ட்ராக்டரெல்லாம் ஒக்காந்துகினு கீறான். பொம்பளைய வெச்சி வேல செய்றவன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் நமக்கு வேல குடுப்பான்? பேஜாரு பண்ணாத, போ."

வரதன் தலையைக் குனிந்துகொண்டு போனான். மாவுக்கட்டுக் கைக்கு மேலேயே பொன்னாடை போர்த்தினார்கள். பிள்ளைகள் வரிசைக்குப் பின்னால் நின்ற மிஸ்ஸின் முகம் சுருங்கியதை எல்லம்மாள் பார்த்தாள். பார்த்துவிட்டு, தானும் கை தட்டினாள். கரண்டி கொடுத்தவனுக்குக் கை தட்டாமல் இருக்க முடியுமா?

அவன் இறங்கி வந்து பொன்னாடையை அவள் பக்கம் நீட்டினான். "இந்தா. இது உன்துதான்."

"கட்டு போட்டுகினு கீறவன் நீ. உனக்குத்தான் குளுரும். வெச்சிக்கோ அண்ணாத்த," என்றாள். பிறகு மேஸ்திரியிடம் திரும்பினாள். "திங்கக்கெழம எங்க மேஸ்திரி?"

"செங்கல்பட்டுல கடை கட்றாங்க. மூணு மாடி. வந்துடு, சித்தாளுக்கு வேல நெறைய கீது."

"கொத்தனாருன்னு சொன்னியே."

"சொன்னேன், இல்லன்னல. ஆனா தாளாளரு எதிர்ல ஒருவாட்டி மானம் போச்சே. அந்த மிஸ்ஸு தயவுல தப்பிச்சோம். கொஞ்ச நாளு போவட்டும், பாக்கலாம்."

எல்லம்மாள் தலையை ஆட்டினாள். "வேலைக்காவது கூப்ட்டியே," என்றாள். அதுவும் மனசாரத்தான் சொன்னாள். கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ என்று பயந்திருந்தாள்.

படம் எடுக்கிறவர் எல்லோரையும் கண்டத்தைச் சுற்றி நிறுத்தினார். தாளாளர், விருந்தாளிகள், ஆசிரியர்கள், நடுவில் பிள்ளைகள். கேமராவில் வைத்த கண்ணை உடனே எடுத்துவிட்டார். ஓரத்தில் அண்டா மறைத்தது. இன்னும் அரை அண்டா தண்ணீர் இருந்தது.

"ஏம்மா, அத கொஞ்சம் தூக்கிகினு போய்டுங்களேன்."

வேலைக்காரி யார் என்று அவர் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்திருந்தது. முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்து, வரதன் ஒற்றைக் கையால் ஒரு பக்கம் பிடிக்க, அவள் அண்டாவைத் தலையில் ஏற்றினாள். பிடரியிலிருந்து இடது கை விரல் வரைக்கும் சுரீரென்று இழுத்தது. கண்டத்தை மிதிக்காமல் நீலத் தரையோடு மெல்ல நடந்தாள்.

"எல்லம்மா! எங்க போறீங்க? நீங்களும் வந்து நில்லுங்க!"

மிஸ்ஸின் குரல். இத்தனை பேருக்கு நடுவில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. தலையில் பாரம் இருந்ததால் கழுத்து திரும்பவில்லை. குழாயடி வரைக்கும் போய், இரண்டு கையாலும் அண்டாவை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. எல்லோரும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.