மூன்றாவது கூப்பாடு

ஃபான் கூரை முகட்டில் நின்று, வடக்கே பார்த்து, தோலங்கியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து இரண்டாம் முறை கூப்பிட்டு முடித்தபோதுதான் லியென் கிணற்றடியிலிருந்து தண்ணீரோடு வந்தாள்.

"ஹோ... சூ மெங்! திரும்பி வா!"

சந்தையில் ஆட்டுக்கு விலை கூவுகிற தொண்டை. ஊரில் யார் செத்தாலும் உயிரைத் திருப்பிக் கூப்பிட அவனைத்தான் ஏற்றுவார்கள். பேசிய கூலிக்கு மேல் ஒரு பன்றித் தொடையும் கறக்காமல் அவன் ஏணியில் கால் வைத்ததில்லை. உள்ளே மாமனார் சூ மெங் கிடந்தார். மூக்கடியில் வைத்த பட்டுப்பஞ்சு விடிந்ததிலிருந்து அசையவில்லை. மூன்று முறை கூப்பிட்டு, அங்கியைக் கீழே போட்டு, அதை அவர்மேல் போர்த்தியும் எழவில்லை என்றால்தான் அழலாம்.

லியென் அண்ணாந்து பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"நிறுத்துங்க! அது மாமாவோட அங்கி இல்ல!"

அங்கியை ஏந்தக் கூடையோடு நின்ற கொழுந்தன் பெங்சு எரிச்சலாகத் திரும்பினான். "என்ன அண்ணி, குளிர் பூரா அப்பா போர்த்திக் கிடந்தது இதைத்தானே?"

"உங்க அண்ணனுக்கு நான் தைச்சது. படை கிளம்பின அன்னிக்கு மாமா தன்னோட நரித்தோல் அங்கியைக் கழட்டி அவருக்குப் போட்டுவிட்டு இதை வாங்கிக்கிட்டார்."

அறுவடை முடிந்த கையோடு சியோங்னு குதிரைக்காரர்கள் நெடுஞ்சுவரைத் தாண்டி வந்து, குதிரைகளை ஓட்டிக்கொண்டு, ஆட்களையும் இழுத்துப் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் கற்பிக்கச் சக்கரவர்த்தி படை அனுப்பினார். ஊர் என்று ஒன்றே இல்லாதவர்களின் எந்த ஊரைக் கொளுத்துவது என்று சந்தையில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அதே குதிரைக்காரர்கள் போன வருடம் இதே முற்றத்தில் உட்கார்ந்து பட்டுக்கு விலை பேசியவர்கள்தான். மாமனார் அவர்களை ஏமாற்றியதும் உண்டு, அவர்களிடம் ஏமாந்ததும் உண்டு. முதல் பனி விழுந்தபின் படையிலிருந்து சேதி இல்லை.

"இது என்னம்மா வியாபாரம்?" என்றான் ஃபான் மேலிருந்து. "பேர் ஒருத்தரோடது, அங்கி இன்னொருத்தரோடது. பாதியில விட்டா வர்றது வழியிலேயே நின்னுடும்."

"உயிரோட இருக்கிறவன் அங்கியைக் காட்டிக் கூப்பிட்டா?" என்று கேட்டான் பெங்சு.

"பேரும் சேர்ந்துட்டா, உயிர் கழண்டு வந்துடும். சேணத்துல உட்கார்ந்தபடியே சரிவான்."

"அடப்பாவி, இறங்குடா!"

ஃபான் இறங்கவில்லை. "பெங்சு... இது கனக்குதுடா."

காற்றே இல்லை. அடுப்புப் புகை நேராக நின்றது. அங்கியின் வெற்றுக் கைகள், முதலில் ஒன்று, பிறகு மற்றது, குளிரில் மரத்துப்போன யாரோ மெதுவாகக் கையை நுழைப்பதுபோலப் புடைத்தன. கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. முற்றமெல்லாம் குதிரை வியர்வை நாற்றம். ஃபான் வாயைத் திறந்தான்; சந்தையே அறிந்த குரல் வரவில்லை.

"கீழ போட்டுடு!" பெங்சு கத்தினான். "பேர் சொல்லாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. அண்ணன் இருக்கான் அண்ணி. படை திரும்பி வரும். நீங்களே அவனைக் கொன்னுடாதீங்க."

லியென் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு நீளக் கை என்று தாராளமாக வெட்டித் தைத்தது. மாமனார் போட்டபோது மணிக்கட்டில் மடிந்து தொங்கும். இப்போது ஒரு மடிப்பும் இல்லை.

"கூப்பிடாமலே வந்திருக்கார்," என்றாள். "இன்னும் எவ்வளவு நேரம் வெளியிலயே நிக்க வைக்கிறது?"

பெங்சு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. சத்தம் போடாமல், சாப்பாடு ஆறுகிறது என்று கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"யென்னியன். திரும்பி வாங்க."

ஃபானின் கைகள் தாமாகத் திறந்துகொண்டன. அங்கி விழுந்த வேகத்தில் கூடையின் அடிப்பிரம்பு முறிந்தது. பெங்சு அதன் பக்கத்தில் மண்டியிட்டான், தொடவில்லை.

"ஃபான் அண்ணே, இறங்கிடாதீங்க," என்றாள் லியென். "மாமாவோட பழைய தொப்பி இருக்கு. எடுத்துட்டு வரேன், அவரை முதல்லேருந்து கூப்பிடுங்க."

வீட்டை நோக்கி நடந்தவள் வாசற்படியில் நின்றாள். பிறகு, மாமனார் எதிரே வரும்போதெல்லாம் செய்வதுபோல முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலையோரமாக ஒதுங்கி, வழிவிட்டாள்.