பத்திரிகைக்குப் பின்னால் ஒரு வழி

அக்கா ராபியாவின் நிக்காஹ் பத்திரிகையின் பின்பக்கம் தனக்குத்தான் வேண்டும் என்று மலீஹா ஒற்றைக்காலில் நின்றாள். செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து கல்யாண மண்டபம் வரை நடந்து நடந்து பார்த்து, சந்துபொந்தெல்லாம் சேர்த்து வரைபடம் போட்டாள். கொளவாய் ஏரி வெறுமையாகக் கிடக்கிறதே என்று அதில் ஒரு பாய்மரக் கப்பலையும் மிதக்கவிட்டாள். எல்லாரும் போனில் லொகேஷன் பார்த்து வருகிற காலத்தில் இதை எவன் பார்க்கப்போகிறான் என்றார் அத்தா நூர்முகமது. ஆனாலும் அச்சுக்குக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று மாமல்லபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வேன் பாதியில் நின்றது. சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கொஞ்ச தூரம்தானே என்று மாப்பிள்ளை தௌசிஃப், போன் காட்டிய வழியில் தன் வீட்டாரோடு நடக்கத் தொடங்கினான்.

மண்டபத்தில் நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து படாளத்தில் ஒரு நிக்காஹ். கிளம்பிவிட்டால் இனி சாயங்காலம்தான். ராபியா மருதாணிக் கையைப் பிசைந்தாள். மலீஹா தௌசிஃபுக்குப் போன் செய்தாள்.

“நேரா போன்னுதான் சொல்லிகினே கீது,” என்றான் அவன். “எதிர்ல புதுசா செவுரு கட்டி வச்சிகீறாங்க.”

“பத்திரிகை யாராச்சும் வச்சிருக்கீங்களா மச்சான்?”

அவனுடைய மாமி ஷபானாவின் கைப்பையில் ஒன்று இருந்தது. மாமியே போனை வாங்கிக்கொண்டாள். “இன்னாமா இது, ஏரில கப்பல் வுட்டுகீற?”

“கப்பல வுடுங்க மாமி. மாவு மில்லு தெரியுதா? அதாண்ட ஒரு புள்ளிக்கோடு போவுது பாருங்க. அதுலயே வந்துடுங்க.”

அந்தக் கோடு போய் முடிகிற இடம் மண்டபத்தின் சமையற்கட்டு என்பது, போனை வைத்த பிறகுதான் மலீஹாவுக்கு உறைத்தது. முன்வாசலில் பன்னீரும் பூத்தட்டுமாக நின்றிருந்த பெண்கள் பின்பக்கம் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள், பிரியாணி தேக்சாக்களுக்கு நடுவே ஷெர்வானியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தௌசிஃப் வந்துவிட்டான். சமையல்காரர் ஹுசைன் கரண்டியும் கையுமாக ஸலாம் சொல்லி, உப்பு பார்க்கிறீர்களா என்றும் கேட்டார்.

ஹஜ்ரத் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ராபியா சம்மதம் சொல்லியனுப்பினாள். அடுத்து தௌசிஃப் ‘கபூல்’ என்று தன் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். அவன் வாய் திறக்கும் முன், ஷெர்வானிப் பையிலிருந்து ஒரு பெண்குரல் மைக்கில் கணீரென்று ஒலித்தது:

“வந்த வழியே திரும்பிச் செல்லவும்.”

ஹஜ்ரத் மைக்கை அவன் பக்கம் நகர்த்தினார்.

“இன்னா மாப்ள, போறியா?”

“இல்ல ஹஜ்ரத். கபூல்.”

திரைக்கு அந்தப் பக்கம் முதலில் சிரித்தவள் ராபியாதான்.